தேவரீரும் நீயும்

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதனால் இதில் அவர் பேர் வராது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்த அந்த இங்கிலீஷ் நாடகத்தின் பேரும் வராது. அதை எழுதிய மகராசன் பேரும் வராது. அந்தப் பேரை யாராவது சொன்னால் இன்றைக்கும் என் இடது கன்னம் சுள்ளென்கிறது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவரை ‘அவர்’ என்றே எழுத உத்தேசம். எதுவரைக்கும் முடிகிறதோ அதுவரைக்கும்.

என் அப்பா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். பெண்ணை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சைவக் குடும்பத்தில் இது நடக்கிற காரியமா? “பிள்ளைய வேதத்துல சேத்து கிறிஸ்துவச்சி ஆக்கிட்டுத்தான் விடுவாக, பாத்துக்கிடும்” என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து வைதார்கள். நான் ஒரு வேதத்திலும் சேரவில்லை. திருநீறு பூசிக்கொண்டு போய், தையல் படித்து, இங்கிலீஷில் ஜெபம் சொல்லிவிட்டு, அதே திருநீறோடு வீட்டுக்கு வந்தேன். ஜெபத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தால் துரைசானி பிரம்பால் விரல் கணுவில் தட்டுவாள். விரலுக்குப் பயந்து அர்த்தத்தோடு படித்தேன். மீதி இங்கிலீஷை அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தார்.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கொஞ்ச நாளில் கல்யாணம். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அப்பா வீடு. அந்தப் பக்கம், திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயலும் வாழையுமாக இருந்த குடும்பம். வயலெல்லாம் வழக்கில் போய், அதிகாரம் பண்ணுகிற வாய் மட்டும் மிஞ்சியிருந்தது. மாமனார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார், தலைமைக் குமாஸ்தா. கலெக்டருக்கு அடுத்தபடி தான்தான் என்பது அவருடைய நினைப்பு. மாமியார் இல்லை. அந்த வேலையையும் மாமாவே சேர்த்துப் பார்த்தார். ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் ஒரே பிள்ளை. காலேஜில் எஃப்.ஏ. பரீட்சையில் கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை விழுந்தவர்; கல்யாணத்துக்குப் பிந்தி ஒரு தடவை. கணக்கு, சரித்திரம் எல்லாம் தேறிவிடுவார். இங்கிலீஷில் பாடமாக வைக்கிற நாடகம் இருக்கிறதே, அதில் போய்க் குப்புற விழுவார். இரண்டாம் தடவை விழுந்த சேதி வந்த அன்று, மாமா வீட்டுக் கூடத்தில், நடுப் பட்டாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“ஏலே, இவ கால வச்ச பொறவுதான் நீ விழ ஆரம்பிச்சே. இன்னும் ஒரு தடவ பாப்பேன். பாஸ் பண்ணுனேன்னா, சரி, இவ ராசி குத்தமில்லன்னு இங்கனயே கெடக்கட்டும். விழுந்தேன்னு வையி, வண்டியக் கட்டி இவள அப்பன் வீட்டுல எறக்கிட்டு, ஒனக்கு வேற பொண்ணு பாத்துருவேன்.”

அப்படியானால் முதல் தடவை விழுந்தது யாருடைய ராசி? கேட்கவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டு, கேள்வி கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு ஆண் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு ஊர் வைத்திருந்த பேர் ‘வாழாவெட்டி’. என்னைப் பற்றி அந்தச் சொல் அப்பா காதில் விழுந்தால் அந்த மனுஷர் பிழைக்க மாட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்ததால்தான் இப்படி என்று சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் அவரைத் தின்றுவிடுவார்கள். ஆக, அவர் பரீட்சையில் தேற வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகமாகச் சாமி கும்பிட்டேன்.

மூன்றாம் தடவைக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தார். இடது பக்கம் நாடகம், அந்தப் பழைய இங்கிலீஷில். வலது பக்கம் அதே வரிகள் இந்தக் காலத்து இங்கிலீஷில். புத்தகத்தைப் பிரித்து என்னிடம் காட்டினார்.

“இனிமே பயமில்லளா. அந்தப் பக்கத்தத் தொடவே வேண்டாம். இந்தப் பக்கத்த நெட்டுருப் போட்டாப் போதும்.”

காலேஜ் இல்லாத நாட்களில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடி அறையில் உட்கார்ந்து உரக்க நெட்டுருப் போடுவார். நான் எதிரே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருப்பேன். சொல்லைத் தப்பாகச் சொல்வார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடுவார், ஓட வேண்டிய இடத்தில் நிற்பார். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது? ஒரு நாள் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

“அந்தச் சொல்ல அப்படிச் சொல்லப்படாது.”

அவர் புத்தகத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். “ஒனக்கு எப்படிளா தெரியும்?”

“பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்லா.”

“எங்க, வாசி பாப்போம்.”

சுளகை இறக்கி வைத்துவிட்டு வாசித்தேன். அன்றையிலிருந்து நான் வாசிக்க அவர் கேட்பது என்று ஆயிற்று. “அப்பா கேட்டா, புடைக்க வந்தேன்னு சொல்லு” என்று எச்சரித்து வைத்தார். மாமா வருகிற சத்தம் கேட்டால் புத்தகம் அவர் கைக்குப் போகும், சுளகு என் கைக்கு வரும். இந்த வித்தையில் மட்டும் அவர் முதல் வகுப்பில் தேறியிருப்பார்.

நாடகம் ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. ஒருவன் மனைவியிடம் உயிராக இருக்கிறான். கூடவே இருக்கிற ஒரு பாவி, அவள் நடத்தை சரியில்லை என்று அவன் காதில் ஓதுகிறான். இவனும் நம்பி, வைது, அடித்து, கடைசியில் தன் கையாலேயே அவளைக் கொன்றுபோடுகிறான். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு, “அவகிட்ட நேர ஒரு வார்த்த கேக்கப்படாதா, அந்தக் கூறுகெட்ட மூதி?” என்பேன். அவருக்கு அந்தப் பெண் செத்ததைப் பற்றி ஒன்றும் இல்லை. “இதுல எந்த எடத்துல கேள்வி வரும்?” என்பார்.

அந்த வலது பக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அர்த்தம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சாறு பிழிந்த பிறகு மிஞ்சுகிற தேங்காய்ச் சக்கையை மெல்லுகிற மாதிரி இருக்கும். யார் பேசினாலும் ஒரே குரல். ராஜாவும் வேலைக்காரனும் கட்சிக்காரரிடம் பேசுகிற வக்கீல் மாதிரி பேசுவார்கள். நான் வலது பக்கத்தை அவருக்கு வாசித்துவிட்டு, இடது பக்கத்தை எனக்காக முணுமுணுத்துக்கொள்வேன்.

அப்படி முணுமுணுத்த இடத்தில்தான் வினை வந்தது. இடது பக்கத்தில் ‘தௌ’ என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வலது பக்கத்தில் அந்த இடமெல்லாம் ‘யூ’. அவர் கேட்டார், “அது என்னதுளா, தௌ?”

எனக்கா தெரியாது? தினம் காலையில் கைகூப்பி நின்று சொன்ன ஜெபத்தில் ஆண்டவரை அந்தச் சொல்லால்தானே கூப்பிட்டோம்! தமிழ் ஜெபத்தில் அதே இடத்தில் ‘தேவரீர்’ என்று வரும். ஜெபத்துக்கு வெளியே அந்த இங்கிலீஷ் சொல்லை நான் கேட்டதே இல்லை. துரைசானி எங்களை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆண்டவனுக்கென்றே எடுத்துவைத்த சொல் என்றால் அதைவிட மரியாதை ஏது?

“அது ரொம்பப் பெரிய மரியாதைச் சொல்லு. தமிழ்ல தேவரீர்னு வரும்” என்றேன், தலையை ஆட்டிக்கொண்டு. அவருக்கு ஒரே சந்தோஷம். காலேஜில் ஒரு பயலுக்கும் இது தெரிந்திராது என்றார்.

உண்மைதான். ஒரு பயலுக்கும் தெரிந்திருக்கவில்லை. சில நாள் கழித்து வகுப்பில் அந்த இடம் வந்திருக்கிறது: வெளியூரிலிருந்து வந்த பெரிய மனுஷன் முன்னால் புருஷன் பெண்டாட்டியை அடித்த பிறகு, அவளைத் தனியே கூப்பிட்டு வைகிற இடம். இங்கிலீஷ் வாத்தியார் ஆற்றங்கரை அக்கிரகாரத்துக்காரர். நாக்கு அரிவாள். இங்கே ஏன் யூ என்று சொல்லாமல் தௌ என்கிறான் என்று கேட்டிருக்கிறார். இவர் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அடித்த பிறகும் புருஷன் மரியாதையை விடவில்லை, தேவரீர் என்றுதான் சொல்லுகிறான் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டாராம். “ஓய், உம்ம ஆத்துல பொண்டாட்டிய அடிச்சுட்டு, தேவரீர், வலிச்சுதான்னு கேப்பீரோ?”

வகுப்பு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்திருக்கிறது. மணி அடித்த பிறகும் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் ‘தேவரீர்’ என்று அவருக்கு ஒட்டிய பேர் காலேஜிலிருந்து பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வந்துவிட்டது.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போலச் செம்பில் தண்ணீரோடு வந்தேன். கையில் இருந்த புத்தகத்தாலேயே ஓங்கி அடித்தார். இடது கன்னம். செம்பு உருண்டு போயிற்று. புத்தகத்தின் அட்டை பிய்ந்து தொங்கிற்று. சத்தம் கேட்டு மாமா உள்ளேயிருந்து வந்தார்.

“எதுக்குலே அடிக்கே?”

இவள் சொல்லிக்கொடுத்தது தப்பாகப் போயிற்று என்று எப்படிச் சொல்லுவார்? பெண்டாட்டியிடம் பாடம் கேட்டது வெளியே வந்துவிடுமே!

“எதுத்துப் பேசுதா.”

“அப்பம் சரி” என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்விட்டார்.

பேர் அதோடு நின்றதா? பாலத்தில் எதிரே வருகிறவன் குடையை மடக்கிக் கும்பிட்டு, “தேவரீர் சுகந்தானா?” என்பான். ரத வீதியில் நாலு பேர் நின்றால், “வழிய விடுங்கவே, தேவரீர் வாராரு” என்று ஒதுங்கி நிற்பார்கள். பெண்டாட்டியை அடித்துவிட்டுக் கும்பிடுகிற புருஷன் மாதிரி நடித்துக் காட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் எலும்பு வரைக்கும் உறிஞ்சாமல் விடமாட்டார்கள். அவர் வீட்டுக்கு வரும்போது முகம் கறுத்துப்போய் வரும். வந்தால் எனக்கு விழும். சில நாள் கையால், சில நாள் வாயால். ஒன்று சொல்லட்டுமா? அவரை அப்படிக் கூப்பிடுவதைச் சன்னல் வழியாகக் கேட்டபோது, கன்னம் வீங்கியிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த வாரம் அப்பா வந்தார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு ஓலைப் பெட்டியில் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “என்னம்மா கன்னம்?” என்றார்.

“பல்வலிப்பா.”

அவர் வாத்தியார். பிள்ளைகள் சொல்லுகிற பொய்யைப் பார்த்தே நரைத்தவர். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். “மாப்பிள பாஸ் பண்ணிருவாகல்லா?” என்று மட்டும் கேட்டார். “பண்ணிருவாகப்பா” என்றேன். பெட்டியை வைத்துவிட்டுப் பைய நடந்து போனார். போகிறவரைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது. இந்த ஆளைப் பாஸ் பண்ண வைத்தே தீர்வது என்று முடிவுகட்டினேன்.

அட்டை பிய்ந்த அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வலது பக்கத்தைக் கையால் மறைத்து, இடது பக்கத்தை மட்டும் முதலிலிருந்து படித்தேன். எவன் எவளிடம், எப்போது தௌ என்கிறான், எப்போது யூ என்கிறான் என்று பார்த்தேன். எஜமான் வேலைக்காரனைத் தௌ என்கிறான். கூடவே சுற்றுகிற சிநேகிதன் தௌ என்கிறான். மகளைக் கட்டிக்கொண்டவனைச் சபிக்கிற அப்பன் தௌ. ஆசையாகப் பேசுகிற புருஷன் தௌ; அதே புருஷன் வைகிறபோதும் தௌ. இதில் தேவரீர் எங்கே வந்தது? ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

விளங்கவைத்தது தெரு. சன்னலுக்கு வெளியே ஒருவன், “ஏலே, நில்லுலே, சவத்து மூதி” என்று சிநேகிதன் தோளில் கையைப் போட்டான். கொஞ்சம் தள்ளி இன்னொருவன் கடைக்காரரிடம், “என்னவே, கடைய அடச்சிட்டீரு?” என்றான். அட, இவ்வளவுதானா! தௌ என்றால் லே, அதாவது நீ. யூ என்றால் வே, அதாவது நீர், நீங்க. நெருங்கினவனுக்கும் லே, அடிக்கப் போகிறவனுக்கும் லே. சாமி சந்நிதியில் நின்று நாமும் ‘அப்பனே, நீதான் துணை’ என்றுதானே கும்பிடுகிறோம்? சாமியை யாராவது நீங்கள் என்பார்களா? வெள்ளைக்காரன் சாமியை நெருங்கி நீ என்று கூப்பிட்டிருக்கிறான். அதைத் தமிழில் எழுதியவர்கள் பயந்துபோய்த் தேவரீர் ஆக்கிவிட்டார்கள். நடுவில் நின்ற என் கன்னம் வீங்கிற்று.

அவரிடம் சொன்னேன். முதலில், “வாய மூடுளா, ஒம் பேச்சக் கேட்டுத்தான் ஊரே சிரிக்கி” என்றார். பிறகு, பரீட்சை பக்கத்தில் வந்துவிட்ட பயத்தில், உட்கார்ந்து கேட்டார். நாடகம் முழுக்க லேயும் வேயுமாகச் சொல்லிக் காட்டினேன். அவருக்கு அது உடனே ஏறிவிட்டது. எப்படி ஏறாமல் போகும்? அந்த ஊரில் பிறந்த யாருக்கும், லேயும் வேயும் இடம் மாறினால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும் என்று தெரியும். வலது பக்கத்தில் செத்துக் கிடந்தவர்களெல்லாம் இடது பக்கத்தில் எழுந்து நின்று பேசினார்கள்.

ஒரு நாள் அவராகவே ஒரு கேள்வி கேட்டார். அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

“ஏளா, இங்கன பாரு. தௌ தௌன்னு வஞ்சுக்கிட்டே வந்தவன், இந்த எடத்துல யூங்கான். கோவம் கொறஞ்சுட்டோ?”

அந்த இடத்தை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்.

“கொறையல. வையுத வரைக்கும் அவ அவனுக்குப் பொண்டாட்டி. அடிச்சாலும் பொண்டாட்டி. இங்கன அந்த ஒட்டே அத்துப்போச்சு. தெருவுல போற எவகிட்டயோ பேசுத மாதிரி மரியாதையாப் பேசுதான். கையால கொல்லுததுக்கு முந்தியே வாயால கொன்னுட்டான்.”

அவர் “திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன். அவரும் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“அந்தப் பொண்ணு?” என்றார் பிறகு.

“அவ கடேசி வரைக்கும் யூதான். நான் தேடிப் பாத்த மட்டும், அவன் கொல்லப் போறான்னு தெரிஞ்ச பொறவும் நீங்க, நீங்கதான்.”

“நல்ல பொம்பள.”

“கூறுகெட்டவ” என்றேன். “எப்படியும் சாகப் போறா. ஒரு தடவையாவது நீன்னு சொல்லிட்டுச் செத்திருக்கப்படாதா?”

அவர் சிரித்துவிட்டார். “ஏட்டி, ஒனக்கு வாய் ரொம்ப சாஸ்திட்டி” என்றார். அந்த ‘ஏட்டி’யில் அடி இல்லை, வசவு இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த மனுஷரோடு எப்படியோ காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரி.

பரீட்சை முடிந்து வந்தவரிடம், “அந்தக் கேள்வி வந்துச்சா?” என்று கேட்டேன். “வந்துச்சு” என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே போய்விட்டார்.

பாஸ். பேப்பரில் நம்பர் வந்தது. மாமா தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். “அப்பன் மூளைலா!” என்று வந்தவர்கள் மாமாவைப் புகழ்ந்தார்கள், மாமா மறுக்கவில்லை. நான் அடுக்களை நிலையில் நின்றுகொண்டு, இவள் ராசியும் குத்தமில்லை என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சரி, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் கச்சேரியில் அவருக்கு உத்தியோகம் ஆயிற்று. பாலத்தில் குடையை மடக்கியவர்கள் இப்போது நிஜமாகவே மடக்கினார்கள். ‘தேவரீர்’ என்ற பேர் தானே செத்துப்போயிற்று. அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போவதை நான் சன்னல் வழியாகப் பார்ப்பேன். என் கைவேலையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

ஆனால் பாஸ் பண்ணினதிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துவிட்டது. நான் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்புவார். யாராவது அவருடைய இங்கிலீஷைப் புகழ்ந்தால், நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று ஒரு பார்வை பார்ப்பார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் மாமா சொன்னார். “கச்சேரில வேண்டிய பெரிய மனுசங்க வாராக. சொதி வையி. இஞ்சிப் பச்சடியும் வையி.”

சொதி எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாடு. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார்த்தித் தேங்காய்ப்பாலில் வைத்துப் போடுவது. கச்சேரிக்காரர்களுக்கு எதற்குச் சொதி என்று ஒரு நினைப்பு வந்தது. கையில் தேங்காய் இருந்தது. நினைப்பை விட்டுவிட்டுத் துருவினேன்.

வந்தவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து மிராசுதார், தன் மச்சினரோடு. வந்தவர்களோடு மாமாவும் அவரும் உட்கார்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினேன். மிராசுதார் இரண்டாம் தடவை சொதி வாங்கிக்கொண்டார்.

“அமிர்தமா இருக்கு அண்ணாச்சி. சமையலுக்கு ஆள் வச்சிருக்கியளோ?”

மாமா கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. “ஆமா. ஒரு பொம்பள இருக்கா.”

“நல்லதாப் போச்சு. நம்ம பொண்ணுக்கு அடுப்படிச் சோலியே பழக்கமில்ல. அதான் கேட்டேன்.” சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தார். “மூத்தவள அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பியாச்சுல்லா?”

“அது எப்பமோ” என்றார் மாமா.

சொதிச் சட்டி என் கையில் இருந்தது. சுட்டது. கீழே போடவில்லை. மாமாவைத் தாண்டி அவர் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தேன். ஒரு வார்த்தை சொல்லுவார், இல்லை, நிமிர்ந்தாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் போதும் என்று இலைக்கு மேலே கையை மறித்தார். அவ்வளவுதான். வெற்றிலை வரைக்கும் எடுத்துக் கொடுத்தேன். போகும்போது அந்த மிராசுதார், நல்ல மனுஷர் போலிருக்கிறது, “கைப்பக்குவம் நல்லா இருக்கும்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் வண்டி தெரு திரும்பியதும் நான் பட்டாசலுக்கு வந்தேன். அந்த வீட்டில் மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

“மாமா, பாஸ் பண்ணுனா இங்கனயே இருக்கலாம்னு சொன்னியளே?”

“கெடக்கட்டும்னு சொன்னேன். இப்பவும் கெட. அப்பன் வீட்டுல கெட” என்றார். பிறகு மாமாவே சலித்துப்போய், “என்னய எதுக்குளா கேக்கே? ஒம் புருசனக் கேளு. அவந்தான் இப்பம் உத்தியோகஸ்தன். அவன் இருன்னா இரு” என்று கையை விரித்தார்.

அது உண்மைதான். சம்பாதிக்கிற பிள்ளையின் பேச்சை மாமாவால் தட்ட முடியாது. ‘இவ இருக்கட்டும்’ என்று அவர் வாயிலிருந்து வந்தால் போதும். இரண்டாம் தாரமாக எவள் வந்தாலும் நான் ஒரு மூலையில் இருந்துவிடுவேன். அப்பா காதில் அந்தச் சொல் விழாது. அவர் பக்கம் திரும்பினேன். வைதிருந்தால் தாங்கியிருப்பேன். ‘போட்டி மூதி’ என்று இன்னொரு கன்னத்திலும் அடித்திருந்தால், சரி, நாளைக்குக் கோபம் ஆறும் என்று அழுதுவிட்டு அடுக்களைக்குப் போயிருப்பேன்.

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க பொறப்படுங்க. வண்டி கட்டச் சொல்லியிருக்கேன். ஒங்க சாமானெல்லாம் எடுத்துக்கிடுங்க.”

நீங்க. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏளா, ஏட்டி, சவமே, மூதி என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். நீங்க என்று கேட்டதில்லை.

மாமாவுக்கு மகனைப் பார்த்துப் பூரிப்பு. “பாத்தியாளா, படிச்ச பிள்ளைய? அனுப்பும்போதும் மரியாத கொறையுதா பாரு!” என்றார்.

அந்தப் பட்டாசலில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அழுகை வரவில்லை. அந்த நாடகத்துப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். கடைசி வரைக்கும் நீங்க, நீங்க என்று சொல்லியே செத்தவள். எனக்கு என்ன தலையெழுத்து அப்படிச் சாக?

“பாடம் நல்லா ஏறியிருக்குலே ஒனக்கு” என்றேன்.

மாமா வாயைப் பிளந்தார். “புருசனப் போயி லேங்கா! கோட்டி பிடிச்சிட்டா? ரெண்டு போடுலே அவள!” என்று கத்தினார். அவன் அசையவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. கை பாதி தூரம் எழுந்தது. அப்படியே நின்று, கீழே இறங்கிற்று. அடித்தால் நான் மறுபடியும் பெண்டாட்டி ஆகிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நான் போய் வண்டியில் ஏறினேன்.